இறால் கொஞ்சம் பொறுக்கட்டும்

சவுத் கரோலைனாவின் சார்ல்ஸ்டனில் யாராவது உங்களை இறால் கிரிட்ஸ் சாப்பிட அழைத்துப் போனால், தட்டு வந்ததும் இறால்மேல் பாயாதீர்கள். அதை ஓரமாக ஒதுக்குங்கள். அடியில் வெள்ளையாக, வெண்ணெய் மினுங்க, ஆங்காங்கே கறுப்புப் புள்ளிகளோடு தளர்ந்து கிடக்கிறதே, அதில் ஒரு கரண்டி எடுத்து வெறுமனே வாயில் போடுங்கள். நல்ல சமையலறையிலிருந்து வந்ததென்றால் அந்த ஒரு வாயிலேயே தெரிந்துவிடும். முதலில் வெண்ணெய், அடுத்து உப்பு, அதன் பின்னால் நிதானமாக எழுந்து வரும் சோளக்கதிரின் இனிப்பு. நாக்கில் மணிமணியாக உருளும் நொய். விழுங்கிய பிறகும் மூக்கை விட்டுப் போகாத வாசனை. இறால் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று தோன்றும். எனக்கு இன்றுவரை அப்படித்தான் தோன்றிக்கொண்டிருக்கிறது.

இதைச் சற்றுச் சத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கிரிட்ஸுக்கு ருசியே கிடையாது என்று சொல்கிற கூட்டம் பெரிது. நியூயார்க்கிலிருந்து வருபவர்கள் சொல்கிறார்கள், சிகாகோக்காரர்கள் சொல்கிறார்கள், ஏதோ ஒரு விமான நிலையத்தில் ஒரு கிண்ணம் வாங்கி இரண்டு வாயோடு நிறுத்திவிட்ட நம்மவர்களும் சொல்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. விடுதிகளில் காலை உணவு மேசை ஓரமாக, மூடி போட்ட பாத்திரத்தில் மேலே ஏடு படிந்து கிடக்கும் வெள்ளைப் பசையைத் தின்றவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? கோபமெல்லாம் அந்தப் பசைமேல்தான்.

தெரியாதவர்களுக்கு: கிரிட்ஸ் என்பது முற்றிக் காய்ந்த மக்காச்சோளத்தை உடைத்த நொய். அதைத் தண்ணீரிலோ பாலிலோ குழைய வேகவைத்தால் அதற்கும் கிரிட்ஸ் என்றே பெயர். எல்லா மக்காச்சோளமும் ஆகாது. காயும்போது மணியின் உச்சியில் குழி விழுகிற ரகம் வேண்டும். மாவுச்சத்து மிருதுவாக இருப்பதால் அதுதான் குழையும். இத்தாலிக்காரர்களின் பொலெண்டா பெரும்பாலும் கண்ணாடி போல் இறுகிய மணியுள்ள வேறு ரகத்தில் செய்வது. உறவுக்காரர்கள்தான், ஆனால் ஒரே ஆள் இல்லை. ஐரோப்பியர்கள் கப்பலில் வந்து இறங்குவதற்கு முன்பே மஸ்கோகி முதலான பூர்வகுடிகள் மக்காச்சோளத்தை இடித்து, உடைத்து, கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் அவர்களிடம் கற்றார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக இழுத்துவரப்பட்டவர்கள் அதைத் தங்கள் கைப்பக்குவத்தால் உயர்த்தினார்கள். இன்று அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழை வீட்டிலும் பணக்கார வீட்டிலும் காலை அடுப்பில் ஏறுவது இதுதான். ஜார்ஜியா மாநிலம் 2002இல் இதைத் தன் அதிகாரபூர்வச் சமைத்த உணவாகவே அறிவித்துவிட்டது. சட்டசபைகள் செய்யும் காரியங்களில் நான் எழுந்து நின்று கைதட்டக்கூடியவை குறைவு; இது அதில் ஒன்று.

சரி, பசைக்கும் அமிர்தத்துக்கும் எங்கே வழி பிரிகிறது? ஆலையில். பெரிய தொழிற்சாலைகள் எஃகு உருளைகளில் அரைக்கின்றன. மாதக்கணக்கில் அலமாரியில் கெடாமல் இருக்கவேண்டும் என்பதற்காக மணியின் கருவையும் தோலையும் நீக்கிவிடுகிறார்கள். எண்ணெய் கருவில்தான் இருக்கிறது, வாசனையும் அங்கேதான். அது போனபின் மிஞ்சுவது வெறும் மாவுச்சத்து. அதிலும் 5 நிமிடத்தில் வேகும் ரகம், இன்னும் பொடியாக அரைத்தது. அதற்கும் கீழே, முன்பே வேகவைத்து உலர்த்திய உடனடி ரகம். வெந்நீர் ஊற்றினால் போதும். ‘மை கசின் வின்னி’ என்று 1992இல் ஒரு படம் வந்தது. அலபாமாவில் ஒரு கொலை வழக்கு. தான் கிரிட்ஸ் சமைத்துக்கொண்டிருந்த 5 நிமிடத்துக்குள் எல்லாம் நடந்துவிட்டதாக ஒரு சாட்சி சொல்வார். உங்கள் வீட்டு அடுப்பில் மட்டும் தண்ணீர் வேறு மாதிரி கொதிக்குமா என்கிற தோரணையில் நியூயார்க் வக்கீல் அவரை மடக்குவார். மானமுள்ள தென்னாட்டுக்காரர் யாரும் உடனடி ரகத்தைத் தொடமாட்டார், சாதாரண ரகத்துக்கு 20 நிமிடமாவது வேண்டும், ஆகவே சாட்சியம் பொய்த்துப் போகிறது. நீதிமன்றக் காட்சிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சமையல் தெரிந்தால் வழக்கும் ஜெயிக்கலாம்.

நான் பேசுவது கல்லில் அரைத்ததைப் பற்றி. சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே எடிஸ்டோ என்று ஒரு தீவு இருக்கிறது. ஓக் மரங்கள் சாலைக்குமேல் கைகோத்து நிற்க, இரண்டு பக்கமும் உப்பங்கழி. அங்கே மார்ஷ் ஹென் மில் என்று ஓர் ஆலை. முன்பு அதற்கு கீச்சி பாய் என்று பெயர். பழைய கல் இயந்திரத்தில் அரைக்கிறார்கள். ஒரே மணிதான் உள்ளே போகிறது. சல்லடை அதை மூன்றாகப் பிரிக்கிறது. பொடியாக விழுவது மக்காச்சோள மாவு, பருக்கையாக நிற்பது கிரிட்ஸ், மேலே தங்குவது தவிடு. கல் சூடேறினால் வாசனை ஆலையிலேயே பறந்துவிடும், சட்டிக்கு வந்துசேராது. அதனால் நல்ல ஆலைக்காரர்கள் மெதுவாகத்தான் ஓட்டுகிறார்கள். அப்போதுதான் அரைத்த பையை வாங்கி, காரில் ஏறியதும் வாயைப் பிரித்து முகத்தைப் புதைத்துக்கொண்டேன் என்றால் நம்புவீர்களா? பக்கத்து இருக்கையில் இருந்த என் கணவர் நம்பவில்லை. பிறகு அவரும் புதைத்தார்.

ரகங்களின் கதை அதைவிட ருசி. கலப்பின விதைகள் வந்து வயலெல்லாம் நிறைந்தபோது பழைய மக்காச்சோளங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அவற்றைக் காப்பாற்றியவர்களில் கள்ளச்சாராயம் காய்ச்சியவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நல்ல சரக்குக்கு நல்ல சோளம் வேண்டுமல்லவா! கிளென் ராபர்ட்ஸ் என்பவர் 1997இல் சவுத் கரோலைனாவின் டில்லன் அருகே ஒரு சாராயக்காரரின் வயலில்தான் கரோலைனா கோர்ட்சீட் என்ற வெள்ளை ரகத்தைக் கண்டெடுத்தார். அடுத்த ஆண்டே ஆன்சன் மில்ஸ் என்ற ஆலையைத் தொடங்கி, குளிரூட்டிய மணிகளை அரைத்து, நாட்டின் பெரிய சமையற்காரர்களுக்கெல்லாம் அனுப்பத் தொடங்கினார். சார்ல்ஸ்டனை ஒட்டிய ஜேம்ஸ் தீவில் ஜிம்மி ரெட் என்று ரத்தச் சிவப்பில் ஒரு ரகம். அதைக் கடைசியாக வளர்த்துக்கொண்டிருந்த சாராயக்காரர் இறந்துபோக, மிஞ்சிய இரண்டே கதிர்கள் டெட் சூனிங் என்ற விவசாயியின் கைக்கு வந்தன. அந்த இரண்டு கதிரிலிருந்துதான் இன்றைய ஜிம்மி ரெட் அத்தனையும். வெந்ததும் வெள்ளைக்கு நடுவே செம்புத் துகள்கள் மின்னும். வாயில் வறுத்த கொட்டைப்பருப்பின் மணம். வெள்ளை ரகம் சாதுவானது, மீனுக்கும் இறாலுக்கும் இணங்கிப் போகும். மஞ்சள் ரகத்துக்குச் சோள வாசனை தூக்கல். சிவப்புக்கு எதுவும் வேண்டாம், வெண்ணெய்கூட வேண்டாம் என்பேன். இல்லை, வெண்ணெய் வேண்டும்.

இப்போது அடுப்படிக்கு வருவோம். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அடுத்த வீட்டில் இருந்த பாட்டி. கல்லா சமூகத்தவர், கரோலைனா, ஜார்ஜியா கடற்கரைத் தீவுகளில் மேற்கு ஆப்பிரிக்க வேர்களையும் தனி மொழியையும் விடாமல் காத்துவரும் மக்கள் அவர்கள். எவ்வளவு நேரம் ஆகும் பாட்டி என்று கேட்டதற்கு, “அவசரம்னா ரொட்டியைத் தின்னுட்டுப் போ கண்ணு, இது உன் நேரத்துக்கு வராது” என்றார். அதுதான் முதல் பாடம்.

1 கப் நொய்க்கு 4 கப் தண்ணீர். முதல்நாள் இரவே ஊறப்போட்டால் நேரமும் மிச்சம், பருக்கையும் சீராக வேகும். ஊற்றியதும் ஒரு கலக்குக் கலக்கிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா விடவேண்டும். நொய் அடியில் இறங்கும், உமித்தோலும் தவிடும் மேலே மிதக்கும். அதைச் சின்ன வடிகட்டியால் வழித்து எடுத்துவிடவேண்டும். எத்தனை நேரம் வெந்தாலும் வேகாதது அந்தத் தோல்தான், பல்லிடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஊறிய தண்ணீரைக் கொட்டக் கூடாது. அதில் இறங்கியிருக்கும் மாவுதான் பின்னால் கிரிட்ஸைப் பட்டாக்குகிறது. காலையில் அப்படியே கனமான சட்டியில் ஊற்றி, நடுத்தரத் தீயில் வைத்து, மரக்கரண்டியால் விடாமல் துழாவவேண்டும். இந்த முதல் பத்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தால் எடுக்காதீர்கள். நொய் அடியில் படிந்தால் கட்டி தட்டும், இல்லாவிட்டால் பிடிக்கும். துழாவிக்கொண்டே இருக்கும்போது ஒரு கணத்தில் தண்ணீர் பிடிகொடுக்கும்: அதுவரை கரண்டியை எடுத்ததும் அடியில் போய் விழுந்துகொண்டிருந்த பருக்கைகள் அங்கங்கே நிற்க ஆரம்பிக்கும். பாட்டி அந்த நேரத்தில் கரண்டியை என் கையிலிருந்து வாங்கி, தீயைச் சிறிதாக்கி, மூடி போட்டுவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார்.

அதற்குப் பிறகு பொறுமைதான். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து, அடிவரை சுரண்டித் துழாவி, இறுகியிருந்தால் கொதிக்கும் தண்ணீர் அரைக் கரண்டி. கொதிக்கும் தண்ணீர் என்பதை அடிக்கோடிடுகிறேன். குளிர்ந்ததை ஊற்றினால் வேக்காடு நின்று, திரும்பச் சூடேறுவதற்குள் உங்கள் பொறுமை போய்விடும். ஊறியது என்றால் 50 நிமிடம் போல, ஊறாதது என்றால் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணிகூட ஆகலாம். நடுவில் கொப்புளம் வெடித்துத் தெறிக்கும். கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், சற்றுத் தள்ளியே நில்லுங்கள். உப்பைப் பாதி வெந்த பிறகு போடவேண்டும் என்பது ஒரு கட்சி, தண்ணீரிலேயே போட்டால்தான் உள்ளே இறங்கும் என்பது இன்னொரு கட்சி. நான் பாதியில் போடுகிறவள். வெந்துவிட்டதா என்று பார்க்கப் பல்தான் கருவி. ஒரு பருக்கையைக் கடித்தால் நடுவில் ஊசிமுனையளவுகூடக் கடினம் இருக்கக் கூடாது. ஆனாலும் பருக்கை பருக்கையாக இருக்கவேண்டும், களியாக ஒன்றோடொன்று கரைந்துவிடக் கூடாது. அந்த இடம் வந்ததும் அடுப்பை அணைத்து, நல்ல வெண்ணெய் ஒரு கட்டி, மிளகுத்தூள். அவ்வளவுதான்.

பால் ஊற்றலாமா என்று கேட்பீர்கள். உணவகங்கள் பாதிக்குப் பாதி பாலும், அதற்கு மேல் க்ரீமும் ஊற்றுகின்றன. முதலிலேயே பாலை ஊற்றினால் அடிப்பிடிப்பது நிச்சயம். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் காய்ச்சிய பால் அரை கப் ஊற்றினால் ஒரு வழவழப்பு வரும், ஒப்புக்கொள்கிறேன். க்ரீம் எனக்கு உவப்பில்லை. அவ்வளவு பாடுபட்டு யாரோ காப்பாற்றி வைத்த சோள வாசனையை அது கம்பளி போர்த்தி மூடிவிடுகிறது.

வேறு வழிகளும் உண்டு. பழைய சார்ல்ஸ்டன் வீடுகளில் கொதிநீர்ப் பாத்திரத்துக்குமேல் இன்னொரு பாத்திரம் வைத்து ஆவியில் வேகவிடுவார்கள். அடிப்பிடிக்கிற பேச்சே இல்லை, மணிக்கணக்கில் அப்படியே கிடக்கலாம். இரவு மின்சார மெதுவடுப்பில் போட்டுவிட்டுத் தூங்கி, எழுந்ததும் வெண்ணெயோடு போய் நிற்பவர்கள் இருக்கிறார்கள். பிரஷர் குக்கரில் உள்பாத்திரம் வைத்தும் செய்யலாம். நன்றாகவே வரும், வேலைக்குப் போகும் நாட்களில் நானும் அதுதான். சட்டியடியில் ஒட்டிக்கொள்ளும் தோலைத் தேய்க்க முயலாதீர்கள். தண்ணீர் ஊற்றி விட்டுவிட்டால் மாலையில் தாளாக உரிந்து வரும்.

பரிமாறுவதில் முதல் சண்டை உப்பா சர்க்கரையா. இந்த விஷயத்தில் குடும்பங்கள் பிரிந்திருக்கின்றன. தென் கடற்கரையில் பெரும்பாலானவர்கள் உப்பு. சர்க்கரை போடுகிறவர்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆனால் சர்க்கரையும் வெண்ணெயும் போட்டே வளர்ந்த வீடுகள் ஏராளம், அவர்களிடமும் வைராக்கியம் குறைவில்லை. நான் உப்புக் கட்சி. சர்க்கரை போட்டுத் தின்னும் என் மகளைக் கட்சியை விட்டு நீக்கவில்லை, அவ்வளவுதான். காலை உணவென்றால் நடுவில் கரண்டியால் ஒரு பள்ளம் பறித்து, அதில் வெண்ணெய். பக்கத்தில் கரு ஓடுகிற மாதிரி பொரித்த இரண்டு முட்டை. மஞ்சள் கரு வழிந்து பள்ளத்தில் போய் வெண்ணெயோடு கலக்கும். 1955இல் அட்லாண்டாவை ஒட்டிய அவண்டேல் எஸ்டேட்ஸில் தொடங்கி, ராப்பகல் மூடாத கடைகளாகத் தென்னாடு முழுக்கப் பரவியிருக்கும் வாஃபிள் ஹவுஸில் நள்ளிரவு இரண்டு மணிக்குப் போனாலும் இந்தத் தட்டு கிடைக்கும். லாரி ஓட்டுநரும், ஷிஃப்ட் முடிந்த நர்ஸும், கல்யாண வீட்டிலிருந்து டை தளர்த்தி வந்தவரும் ஒரே நீண்ட மேடைமுன் உட்கார்ந்து தின்பதைப் பார்க்கலாம்.

இனி இறாலுக்கு வருவோம். அதை ரொம்ப நேரம் காக்க வைத்துவிட்டேன். இன்று வெள்ளைத் துணி விரித்த மேசையில் வரும் இந்த உணவு ஒரு காலத்தில் மீனவர்களின் காலைச் சாப்பாடு. கழியில் வலை வீசினால் கிடைக்கும் சின்ன இறால், வெண்ணெயிலோ பன்றிக் கொழுப்பிலோ ஒரு வதக்கு, கொஞ்சம் வெங்காயம், மாவு தூவிய பழுப்புக் குழம்பு, சட்டியில் இருக்கும் கிரிட்ஸ். கல்லா வீடுகளில் இது அன்றாடம். 1950இல் வெளிவந்து இன்றும் விற்கும் ‘சார்ல்ஸ்டன் ரெசீப்ட்ஸ்’ சமையல் நூலிலும் இது இடம்பிடித்திருக்கிறது. கரையோரத்துக்கு வெளியே அப்போது யாருக்கும் தெரியாது. வடக்கு கரோலைனாவின் சேப்பல் ஹில்லில் பில் நீல் என்ற சமையற்காரர் 1982இல் தொடங்கிய குரூக்ஸ் கார்னர் உணவகத்தில் இதை இரவு உணவாக மாற்றினார். பேக்கனை மொறுமொறுப்பாக வறுத்து எடுத்து, அந்தக் கொழுப்பிலேயே இறால், காளான், வெங்காயத்தாள், பூண்டு, இறக்கும்போது எலுமிச்சைச் சாறும் சில சொட்டு மிளகாய்ச் சாஸும். கீழே செடார் சீஸ் கலந்த கிரிட்ஸ். மிசிசிப்பியில் பிறந்தவரும் நியூயார்க் டைம்ஸின் உணவு எழுத்தாளருமான கிரெய்க் கிளெய்போர்ன் 1985இல் அங்கே வந்து சாப்பிட்டு எழுதினார். அதோடு ஊரெங்கும் பற்றிக்கொண்டது. நீல் 1991இலேயே போய்விட்டார், அந்த உணவகமும் 2021இல் மூடப்பட்டது. அந்தத் தட்டு மட்டும் சாகவில்லை.

வீட்டில் செய்தால் ஒரு ரகசியம். இறால் தோலையும் தலையையும் தூக்கிப் போடாமல் இருபது நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றை கிரிட்ஸ் வேகும்போது கொதிநீருக்குப் பதிலாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே கடலிலிருந்து வந்ததாகிவிடும். இறாலை இரண்டு நிமிடத்துக்குமேல் அடுப்பில் விடாதீர்கள். சுற்றுலாக்காரர்களுக்கான கடைகளில் இதன்மேல் க்ரீம் குழம்பு, இரண்டு வகை சாசேஜ், மூன்று வகைச் சீஸ் என்று கொட்டித் தருவார்கள். விலை ஏறும், சோளம் காணாமல் போகும்.

எனக்கு அதைவிட நெருக்கமானது மீனும் கிரிட்ஸும். கறுப்பின மக்களின் சமையலறைகளிலிருந்து வந்தது, வெள்ளிக்கிழமைகளுக்குப் பேர்போனது. கெளுத்தியையோ வைட்டிங் மீனையோ உப்பு, மிளகாய்த்தூள் கலந்த மக்காச்சோள மாவில் புரட்டிப் பொரித்து, கொதிக்கக் கொதிக்க கிரிட்ஸின்மேல் வைத்து, மிளகாய்ச் சாஸ் விடுவது. ஆலையில் பிரிந்துபோன மாவும் நொய்யும் தட்டில் மீண்டும் சந்திக்கின்றன என்று நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது. பொரிந்த ஓடு கிரிட்ஸின் ஈரத்தில் ஓரம் ஊறி, மேல்பக்கம் மொறுமொறுப்பாகவே நிற்கும் அந்த மூன்று நிமிடத்துக்குள் சாப்பிட்டு முடித்துவிடவேண்டும். பேச்செல்லாம் பிறகு.

நியூ ஆர்லியன்ஸ் பக்கம் போனால் கிரியாட்ஸ். மாட்டிறைச்சியையோ கன்றுக்குட்டி இறைச்சியையோ மெல்லிசாகத் தட்டி, சிவக்க வறுத்து, வெங்காயம், செலரி, குடமிளகாய், தக்காளி, பிரியாணி இலை போட்டுத் தொட்டால் பிரியும்வரை வேகவைத்து, கிரிட்ஸின்மேல் ஊற்றுவார்கள். ஞாயிறு பத்து மணிக்கு இதைச் சாப்பிட்டால் அன்றைக்கு வேறு வேலை கிடையாது. மலைப்பக்கங்களில் இன்னொரு வினோதம்: மாதக்கணக்கில் உப்பில் பதப்படுத்திய ஹாமை வாணலியில் வறுத்து எடுத்ததும், அடியில் ஒட்டியிருக்கும் கொழுப்பில் கடுங்காப்பியை ஊற்றிச் சுரண்டுவார்கள். உப்பும் கசப்புமாக நீர்த்த அந்தக் குழம்புக்குச் செங்கண் குழம்பு என்று பெயர். காப்பியை இப்படி வீணாக்குவதா என்று மனம் பதறியது. கிரிட்ஸின் பள்ளத்தில் அதை ஊற்றித் தின்ற பிறகு பதறவில்லை. பன்றி சாப்பிடாதவர்கள் இந்தப் பத்தியை மன்னித்துவிட்டுத் தக்காளிக் குழம்புக்குப் போகலாம். தக்காளி, வெங்காயம், வெண்டைக்காய் மூன்றையும் வெண்ணெயில் சுண்ட வதக்கி மேலே போட்டால் ஒரு குறையும் இல்லை. காலர்ட் கீரை கிடைத்தால் இன்னும் நல்லது.

சீஸ் கிரிட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. வெந்ததில் செடாரைத் துருவிப் போட்டு, பூண்டு, அடித்த முட்டை கலந்து, பீங்கான் தட்டில் ஊற்றி ஓவனில் முக்கால் மணி நேரம். மேலே பொன்னிறமாகக் கட்டி, உள்ளே நடுங்கும். தேவாலய விருந்து, கிறிஸ்துமஸ் காலை, துக்க வீடு, எங்கும் இது வரும். இழப்பு நடந்த வீட்டின் வாசலில் யாரோ துணி மூடிய தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் போவார்கள். உள்ளே இதுதான் இருக்கும்.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது முதல்நாள் காலையில் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார். “என்னடி இது, ரேஷன் அரிசியில வைக்கிற நொய்க்கஞ்சி மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்றார். ஒரு வாய் தின்றார். பேசவில்லை. கிண்ணத்தை நீட்டி, “நெய் இருக்கா?” என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நெய்யும் நார்த்தங்காய் ஊறுகாயும் கிரிட்ஸ் மேசையில் இடம்பிடித்துவிட்டன. கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி தாளித்துக் கொட்டட்டுமா என்று அவர் எழுந்தபோது மட்டும் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். தாளித்தால் நன்றாகத்தான் இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அப்புறம் தாளிப்பைத்தானே தின்போம்?

பெட்டியில் ‘ஹாமினி கிரிட்ஸ்’ என்று எழுதியிருப்பதையும் பார்ப்பீர்கள். மக்காச்சோளத்தைச் சாம்பல் நீரிலோ சுண்ணாம்பு நீரிலோ வேகவைத்துத் தோல் நீக்கி, உலர்த்தி உடைத்தால் அது ஹாமினி கிரிட்ஸ். பூர்வகுடிகளின் பழக்கம் அது. வாசனை வேறு மாதிரி, மெக்சிகோ ரொட்டியின் சாயல். வெறும் வாசனைக்காக அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அந்தச் சாம்பல், சுண்ணாம்புக் காரம் பட்டால்தான் மக்காச்சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற சத்து உடம்பில் சேரும். அந்தப் பக்குவத்தை விட்டுவிட்டு, கருவும் நீக்கிய ஆலை மாவையே நம்பிப் பிழைத்த தென்னாட்டு ஏழைகளை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்லக்ரா நோய் வாரிக்கொண்டு போனது. தோல் வெடித்து, புத்தி பேதலித்துச் செத்தார்கள். கிருமிதான் காரணம் என்று பலரும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, 1914இல் விசாரிக்க அனுப்பப்பட்ட டாக்டர் ஜோசப் கோல்ட்பர்கர் குற்றவாளி சாப்பாடுதான் என்று காட்டினார். நியாசின்தான் மருந்து என்பது 1937இல் தெரிந்தது. சவுத் கரோலைனா 1940களில் ஆலை கிரிட்ஸில் சத்துச் சேர்க்கச் சட்டம் போட்டது. கடைப் பெட்டியின் ஓரத்தில் வைட்டமின் பட்டியல் நீளமாக இருப்பதன் பின்னால் இத்தனை மரணம் இருக்கிறது.

வேடிக்கை பார்க்கவேண்டுமென்றால் ஏப்ரல் மாதம் சார்ல்ஸ்டனிலிருந்து ஒரு மணி நேரம் உள்ளே தள்ளியிருக்கும் செயின்ட் ஜார்ஜ் என்ற சிற்றூருக்குப் போங்கள். தலைக்குத் தலை கணக்குப் பார்த்தால் உலகிலேயே அதிகம் கிரிட்ஸ் தின்பவர்கள் தாங்கள்தான் என்று மார்தட்டும் ஊர். 1986 முதல் அங்கே உலக கிரிட்ஸ் திருவிழா. காற்றடித்த குளத்தில் வெந்த கிரிட்ஸை நிரப்பி, அதில் ஆட்களை உருளவிட்டு, இறங்குமுன் எடை பார்த்து, ஏறியபின் எடை பார்த்து, யார் உடம்பிலும் உடையிலும் அதிகம் ஒட்டிக்கொண்டதோ அவருக்குப் பரிசு. கால்சட்டைப் பைகளை முழங்கால்வரை தைத்துக்கொண்டு வந்து, கைகொள்ளுமட்டும் உள்ளே தள்ளுகிறார்கள். சாப்பாட்டை இப்படிச் செய்யலாமா என்று எனக்குள் ஒரு பாட்டி முணுமுணுத்தாள். விசில் அடித்துக்கொண்டிருந்ததில் சரியாகக் காதில் விழவில்லை.

மிச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. மிஞ்சினதைத் தட்டையான பாத்திரத்தில் ஊற்றி, மேலே தாள் ஒட்டி, ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் பலகையாக இறுகியிருக்கும். துண்டு போட்டு, ஈரத்தைத் துடைத்து, மாவில் லேசாகப் புரட்டி, இரும்பு வாணலியில் வெண்ணெயோ பேக்கன் கொழுப்போ விட்டு வையுங்கள். தொடாதீர்கள், தானே வாணலியை விட்டு எழும்வரை ஏழெட்டு நிமிடம் ஆகட்டும். முறுகிய ஓட்டுக்குள் கரண்டியால் அள்ளுகிற மாதிரி மிருது. என் மகள் இதற்குக் கரும்புப்பாகு ஊற்றுகிறாள், கணவர் மிளகாய்ச் சாஸ், நான் ஒன்றும் இல்லாமல். இதற்காகவே இரண்டு மடங்கு வைக்கிறேன்.

வாங்குகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. கல்லில் அரைத்ததில் கரு உள்ளே இருப்பதால் அலமாரியில் வைத்தால் எண்ணெய் சிக்கு வாடை வந்துவிடும். வந்த அன்றே உறைபெட்டியில் போட்டுவிடவேண்டும், மாதக்கணக்கில் கெடாது. எங்கள் வீட்டு உறைபெட்டியில் இப்போது வெள்ளை, மஞ்சள், சிவப்பு மூன்று நிறத்திலும் பைகள். எடிஸ்டோவிலிருந்து போன வாரம் நீல ரகம் வேறு வந்து சேர்ந்திருக்கிறது. ஐஸ்கிரீம் எங்கே என்று மகள் கேட்டாள். அடுத்த வீட்டுப் பாட்டியின் பெட்டியில் இருக்கிறது, போய்க் கேள் என்றேன்.